பெயர் தெரியாத கம்பெனி ஸ்கோப்: பார்த்து வாங்கும் முறை

ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் செம்மறி ஆடுகள் பெரும்பாலும் குளிர்காலத்திலும், அதை அடுத்து வரும் வசந்தகாலத் தொடக்கத்திலும் குட்டி போடுகின்றன. அந்நாட்டில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிர்காலம். ஈரம் காயாத குட்டிகளை நரி தூக்கிச் செல்வது அங்குள்ள பண்ணையாளர்களுக்கு ஆண்டுதோறும் நேரும் இழப்பாகும். இந்த நரி அந்நாட்டுப் பிராணி அன்று. வேட்டை விளையாட்டுக்காக 19ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட செந்நரி. முயலும் அவ்வாறே. 1859ஆம் ஆண்டு விக்டோரியா பகுதியில் தாமஸ் ஆஸ்டின் என்பவர் தமது பார்வன் பார்க் பண்ணையில் சுமார் இரண்டு டஜன் முயல்களை விட்டார். அவை பல்கிப் பெருகி மேய்ச்சல் நிலங்களை மொட்டையடித்தன. 1950இல் மிக்சோமா வைரசும், 1990களில் கலிசி வைரசும் பரவியதால் முயல்களின் தொகை குறைந்ததே தவிர, அடியோடு ஒழியவில்லை.

நச்சு இரை வைத்தல், முயல் வளைகளை உழுது அழித்தல், வேலி போடுதல் ஆகியவையே அங்கு முக்கியமான தடுப்பு முறைகள். துப்பாக்கி அவற்றுக்குத் துணை மட்டுமே. 1996 ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின் துப்பாக்கிச் சட்டங்கள் கடுமையாக்கப்பட்டன. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் பெரும்பாலோர்க்குத் தடை செய்யப்பட்டன. ஆகவே, இன்று பண்ணைகளில் இருப்பது பெரும்பாலும் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் போல்ட்டை இழுத்து ஏற்றும் ரைபிள்தான். முதல் தோட்டா குறி தவறினால் நரி இரண்டாவதற்குக் காத்திராது. அதைவிடத் தீமையானது, தோட்டா வயிற்றிலோ காலிலோ பட்டுப் பிராணி புதருக்குள் ஓடிப் பல நாள் துடித்துச் சாவது. முதல் தோட்டா போக வேண்டிய இடத்தில் போகிறதா என்பதை நிர்ணயிப்பவை மூன்று. சுடுபவரின் கை, துப்பாக்கி, அதன் மேல் பொருத்தியுள்ள ஸ்கோப்.

ஸ்கோப் என்பது துப்பாக்கியின் மேல் பொருத்தும் சிறு தொலைநோக்கி. பெயர் பெற்ற கம்பெனிகளின் ஸ்கோப் சில வேளை துப்பாக்கியின் விலையையே தாண்டிவிடும். அதே கடையில், கேள்விப்படாத பெயர் தாங்கிய ஸ்கோப்புகள் அதில் நாலில் ஒரு பங்கு விலைக்கும் கிடைக்கின்றன. மழை பொய்த்து, கம்பளி விலையும் இறங்கிய ஆண்டில் பண்ணையாளரின் கை மலிவானதையே நாடும். அப்படி வாங்குவது தவறன்று. ஆனால் எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியபின் எப்படிச் சோதிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே இருப்பது என்ன?

வெளியே தெரியும் குழாய்க்குள் இன்னொரு சிறு குழாய் இருக்கிறது. தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்தும் லென்சுகள் இதில்தான் உள்ளன. இச்சிறு குழாயை மேலிருந்து ஒரு திருகும், பக்கத்திலிருந்து ஒரு திருகும் அழுத்துகின்றன. எதிர்ப்புறத்திலிருந்து ஒரு வில் அதைத் திருகுகளின் மேல் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளியே உள்ள குமிழைத் திருப்பினால் சிறு குழாய் சற்றே சாய்கிறது. அதனால் குறுக்குக் கம்பி காட்டும் இடம் மாறுகிறது.

குமிழை ஒரு 'கிளிக்' திருப்பினால் உள்குழாய் நகர்வது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். ஆனால் 100 மீட்டருக்கு அப்பால் தோட்டா விழும் இடம் அதனால் சுமார் 7 மி.மீ. மாறுகிறது. அவ்வளவு நுண்ணிய வேலையைச் செய்யும் திருகின் மரை தேய்ந்திருந்தாலும், வில் தளர்ந்திருந்தாலும் என்ன ஆகும்? ஒவ்வொரு முறை சுடும்போதும் ஏற்படும் பின்னுதைப்பில் உள்குழாய் நகர்ந்துவிடும். நேற்றுச் சரியாக இருந்த குறி இன்று நாலு விரற்கடை தள்ளிப் போயிருக்கும். மலிவு ஸ்கோப்புகளில் வரும் முதன்மையான கோளாறு இதுவே. லென்ஸ் மங்கல் என்றால் கண்ணுக்குத் தெரியும். வில்லின் தளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது. கடைக்காரர் காட்டும்போது எல்லா ஸ்கோப்பும் நன்றாகவே இருக்கும்.

பெயர் எதைச் சொல்லும்?

ஸ்கோப் விற்கும் கம்பெனிகள் பலவற்றுக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. சீனா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலுள்ள தொழிற்சாலைகளில் சொல்லிச் செய்வித்துத் தம் பெயரைப் பொறித்துக்கொள்கின்றன. ஒரே தொழிற்சாலையிலிருந்து பல பெயர்களில் ஸ்கோப் வெளிவருவதும் உண்டு. இதைக் கொண்டு, 'எல்லாம் ஒன்றுதான், பெயருக்குத்தான் காசு' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எந்தத் தரக் கண்ணாடி, எத்தனை பூச்சு, எவ்வளவு கெட்டியான வில், எத்தனை ஸ்கோப்புக்கு ஒன்றைச் சோதிப்பது என்பதையெல்லாம் செய்யச் சொல்லும் கம்பெனியே தீர்மானிக்கிறது. ஒரே ஆலையில் நெய்த துணியிலும் நூலின் தரத்தைப் பொறுத்து விலை மாறுவது போன்றது இது.

பேர் தெரியாத கம்பெனி என்பதாலேயே ஒதுக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டு வில்லியம் வீவர் என்ற இளைஞர் '330' என்ற ஸ்கோப்பைத் தயாரித்து 19 டாலருக்கு விற்றார். அன்று அவர் பெயரை அறிந்தவர் இல்லை. சாதாரண மக்களுக்கும் எட்டும் விலையில் நம்பகமான ஸ்கோப் தர முடியும் என்று காட்டியதாலேயே அப்பெயர் பின்னர் நிலைத்தது. ஆகவே பெயரைக் கொண்டு ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். கையில் உள்ள ஸ்கோப்பையே சோதித்துப் பார்த்து முடிவு செய்வதே முறை.

எண்களின் பொருள்

ஸ்கோப்பின் மேல் 4×32 என்று போட்டிருந்தால், நாலு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்சின் குறுக்களவு 32 மி.மீ. என்று பொருள். நாலு மடங்கு என்றால் 100 மீட்டரில் உள்ள முயல் 25 மீட்டரில் இருப்பது போல் தெரியும். 3-9×40 என்றால் மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை மாற்றிக்கொள்ளலாம், முன் லென்ஸ் 40 மி.மீ.

முன் லென்சின் அளவை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளி வட்டத்தின் அளவு கிடைக்கும். 4×32இல் இது 8 மி.மீ. 3-9×40ஐ ஒன்பதில் வைத்தால் சுமார் 4.4 மி.மீ. 6-24×50ஐ இருபத்து நாலில் வைத்தால் 2 மி.மீ.க்குச் சற்று அதிகம். இருட்டில் இளைஞரின் கண்மணி சுமார் 7 மி.மீ. வரை விரியும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு 5 மி.மீ. அளவே விரியும். நரி வெளிவருவது அந்தி மயங்கும் வேளையிலும் விடியலுக்கு முன்னும். அந்நேரத்தில் 2 மி.மீ. ஒளி வட்டத்தை வைத்துக்கொண்டு நரியையும் நாயையும் பிரித்தறிவது கடினம். 'இருபத்து நாலு மடங்கு' என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பண்ணை வேலைக்குப் பயன்படுவதில்லை. மடங்கு கூடக் கூடப் பார்வைப் பரப்பும் சுருங்கும். ஓடும் பிராணியை ஸ்கோப்புக்குள் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடும்.

குழாயின் பருமனைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. 30 மி.மீ. குழாய், 25.4 மி.மீ. குழாயைவிட அதிக ஒளி தரும் என்று சிலர் சொல்வார்கள். அப்படியன்று. பருத்த குழாயில் உள்குழாய் நகர இடம் அதிகம். அவ்வளவுதான். ஒளியை நிர்ணயிப்பவை லென்சின் அளவு, மடங்கு, கண்ணாடியின் பூச்சு ஆகியவையே.

கண்ணாடியின் பூச்சு

பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒரு ஸ்கோப்பில் பத்துப் பரப்புகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 66 பங்கு ஒளியே கண்ணை அடையும். 1935ஆம் ஆண்டு ஜெர்மனியில் சைஸ் கம்பெனியைச் சேர்ந்த ஸ்மகுலா, கண்ணாடியின் மேல் மெல்லிய பூச்சு ஏற்றி இந்த இழப்பைக் குறைக்கும் வழியைக் கண்டார். ஒரு பூச்சு இருந்தால் ஒரு பரப்பில் இழப்பு நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்கு இறங்கும். அப்போது 86 பங்கு ஒளி வந்து சேரும். பல பூச்சு இருந்தால் இழப்பு அரைப் பங்கு அளவே. 95 பங்கு ஒளி வந்து சேரும்.

பெட்டியில் உள்ள சொற்களைக் கவனித்துப் படிக்க வேண்டும். 'கோட்டட்' என்று மட்டும் இருந்தால் ஏதோ சில பரப்புகளுக்கு ஒரு பூச்சு. 'ஃபுல்லி கோட்டட்' என்றால் காற்றுப் படும் எல்லாப் பரப்புகளுக்கும் ஒரு பூச்சு. 'மல்டி கோட்டட்' என்றால் சிலவற்றுக்குப் பல பூச்சு. 'ஃபுல்லி மல்டி கோட்டட்' என்றால் எல்லாவற்றுக்கும் பல பூச்சு. பெட்டியில் எழுதியிருப்பது உண்மையா என்று ஓரளவு கண்டுகொள்ளலாம். முன் லென்சில் குழல் விளக்கின் பிம்பம் விழும்படி சாய்த்துப் பார்க்க வேண்டும். பிம்பம் மங்கலாகப் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு உண்டு. வெள்ளை வெளேரென்று தெரிந்தால் அந்தப் பரப்பில் பூச்சு இல்லை. மாணிக்கம் போல் சிவப்பாகப் பளபளக்கும் லென்ஸ் கண்ணுக்கு அழகு. ஆனால் அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது என்பதே அந்தப் பளபளப்பின் பொருள்.

எந்த வேலைக்கு எது?

குறைந்த விலையில் வாங்குபவர்கள் நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒரே விலையில், உறுப்புகள் குறைந்த ஸ்கோப்பே உறுதியானது. தயாரிப்பவர் செலவிடும் தொகை ஓர் அளவுக்குள்தான் இருக்கும். அதில் விளக்கு எரியும் குறுக்குக் கம்பி, லேசர், இருபத்து நாலு மடங்கு என்று சேர்த்துக்கொண்டே போனால், கண்ணாடிக்கும் வில்லுக்கும் திருகுக்கும் உள்ள பங்கு குறைந்துவிடும்.

முயலுக்குப் பயன்படும் .22 ரைபிளுக்கு மாறாத நாலு மடங்கு ஸ்கோப் போதுமானது. நரிக்கு .223 போன்ற ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு 3-9×40 ஏற்றது. 50 மி.மீ. முன் லென்ஸ் வாங்கினால் ஸ்கோப்பை உயர்த்திப் பொருத்த வேண்டிவரும். அப்போது கட்டையில் கன்னம் ஒட்டாது, குறி பார்க்கும் நிலை ஆட்டம் காணும்.

இடமாறு தோற்றம் என்பதையும் கவனிக்க வேண்டும். துப்பாக்கியை அசைக்காமல் தலையை மட்டும் சற்று நகர்த்தினால், குறுக்குக் கம்பி குறியின் மேல் நகர்வது போல் தெரியும். ஸ்கோப் எந்தத் தூரத்திற்கு அமைக்கப்பட்டதோ அந்தத் தூரத்தில் இது இராது. பெரிய ரைபிள்களுக்கான ஸ்கோப்புகள் வழக்கமாக 100 மீட்டர் அளவில் அமைக்கப்படுகின்றன. அத்தகைய 40 மி.மீ. ஸ்கோப்பை .22இல் பொருத்தி 25 மீட்டரில் உள்ள முயலைக் குறி பார்த்தால், கண் ஓரமாக இருக்கும்போது 15 மி.மீ. வரை பிழை வரலாம். முயலின் தலையோ நாலைந்து சென்டிமீட்டர்தான். எனவே .22க்கு என்றே 50 மீட்டர் அளவில் அமைத்ததைக் கேட்டு வாங்க வேண்டும்.

வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கிக்கு வாங்குபவர்களும் விசாரித்தே வாங்க வேண்டும். சாதாரணத் துப்பாக்கி பின்பக்கம் மட்டுமே உதைக்கும். காற்றுத் துப்பாக்கி முதலில் பின்னும், உடனே முன்னுமாக இருபக்கமும் உதைக்கும். இதைத் தாங்கும்படி செய்யாத ஸ்கோப், பெரிய ரைபிளில் நன்கு உழைத்ததாக இருந்தாலும் இதில் விரைவில் கெட்டுவிடும்.

கடையில் பார்க்க வேண்டியவை

ஸ்கோப்பைக் காதருகே வைத்து மெல்லக் குலுக்கினால் உள்ளே சத்தம் வரக் கூடாது. குமிழ்களின் மூடியைக் கழற்றித் திருப்பினால் ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்குத் தனித்தனியே தெரிய வேண்டும். கூழில் கரண்டியைச் சுழற்றுவது போல் வழுவழுவென்று போனால் அதை வைத்துவிட வேண்டும். மடங்கு மாற்றும் வளையம் ஒரே இறுக்கத்தில் திரும்ப வேண்டும். வெளிச்சத்தை நோக்கிப் பார்த்து உள்ளே தூசு, உலோகத் துகள், பசைக் கறை இருக்கிறதா என்று காண வேண்டும். சூரியனை மட்டும் ஸ்கோப் வழியே பார்க்கவே கூடாது. கண் பார்வை போய்விடும்.

பின் லென்சிலிருந்து கண் எவ்வளவு விலகியிருந்தால் முழுக் காட்சியும் தெரிகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். 75 முதல் 100 மி.மீ. வரை இருப்பது நல்லது. இது குறைந்தால் பின்னுதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். கூடுமானால் கடைக்கு வெளியே வந்து, அந்தி வெளிச்சத்தில் நிழலில் உள்ள ஒரு மரப்பட்டையைப் பார்க்க வேண்டும். கடைக்குள் குழல் விளக்கின் கீழ் எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் இருக்கும்.

பொருத்துவதில் கவனம்

ஸ்கோப்பின் மேல் சொல்லப்படும் குற்றங்களில் பல உண்மையில் அதைப் பிடிக்கும் வளையங்களின் குற்றம். ஸ்கோப்பில் மிச்சம் பிடித்தாலும் வளையங்களில் மிச்சம் பிடிக்கக் கூடாது. துப்பாக்கியின் மேலுள்ள அடிப்பட்டையின் திருகுகளை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து இறுக்க வேண்டும். வளையத் திருகுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் குழாய் நசுங்கி உள்குழாய் நகர முடியாமல் போகும். எவ்வளவு இறுக்கலாம் என்பது வளையத்துடன் வரும் தாளில் இருக்கும். பொருத்தி முடித்தபின் வளையமும் குழாயும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்தால், பின்னால் குழாய் வழுக்கியிருந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பொருத்துவதற்கு முன் ஒரு வேலை செய்வது நலம். குமிழை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெல்லத் திருப்பிக் கிளிக்குகளை எண்ணி, அதில் பாதியில் நிறுத்த வேண்டும். இரு குமிழ்களுக்கும் இவ்வாறே செய்ய வேண்டும். உள்குழாய் நடுவில் இருக்கும்போதே வில் நன்கு தாங்கும். கோடியில் இருந்தால் தளர்ந்துவிடும். குறி சரியாக அமையக் கோடிவரை திருப்ப வேண்டியிருந்தால், வளையமோ அடிப்பட்டையோ கோணலாக இருக்கிறது என்று பொருள். அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

தோட்டா இல்லாமல் சோதனை

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு, மணல் மூட்டைகளின் மேல் அசையாதபடி வைக்க வேண்டும். அதன் முனை மண்மேட்டை நோக்கியே இருக்க வேண்டும். 100 மீட்டருக்கு அப்பால் ஒரு பலகையில் பெரிய வெள்ளைத் தாளை ஒட்டி, நடுவில் ஒரு புள்ளியும், அதிலிருந்து நேர் மேலே 29 செ.மீ. உயரத்தில் ஒரு கோடும் போட வேண்டும். குறுக்குக் கம்பி புள்ளியின் மேல் நிற்கும்படி துப்பாக்கியை அமைத்து, மேல் குமிழை 40 கிளிக் திருப்ப வேண்டும். கால் நிமிடக் கோணக் கிளிக் உள்ள ஸ்கோப்பில் 40 கிளிக்குக்கு 10 நிமிடக் கோணம். 100 மீட்டரில் அது 29 செ.மீ. ஆகிறது. கம்பி மேலே போகவில்லையானால், குமிழைத் தொடங்கிய இடத்துக்குக் கொண்டுவந்து எதிர்ப்புறம் திருப்ப வேண்டும். கம்பி கோட்டை அடைகிறதா, 40 கிளிக் திரும்ப வந்தால் அதே புள்ளிக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். கோட்டுக்குச் சற்று முன்பின் நிற்பது பெரிய குற்றமன்று. திரும்பி வராமல் இருப்பதே குற்றம்.

அடுத்து, கம்பி புள்ளியில் நிற்கும்போதே மடங்கு வளையத்தை மூன்றிலிருந்து ஒன்பது வரை திருப்பிப் பார்க்க வேண்டும். கம்பி புள்ளியைவிட்டு நகர்ந்தால், மூன்றில் சரிசெய்த குறி ஒன்பதில் தவறும். நகர்வு சிறிதானால், ஒரே மடங்கில் வைத்தே பயன்படுத்தலாம். பெரிதானால் திருப்பிக் கொடுப்பதே சரி.

தோட்டாவுடன் சோதனை

இந்தச் சோதனைக்கு 50 மீட்டர் தூரமும், பின்னால் உயரமான மண்மேடும் வேண்டும். சிறியது என்று எண்ணப்படும் .22 தோட்டாகூட ஒரு கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடியது. மண்மேடு இல்லாத இடத்தில் சோதனை செய்யவே கூடாது.

தாளின் நடுவில் புள்ளி வைத்து மூன்று தோட்டா சுட வேண்டும். பிறகு பக்கக் குமிழை 40 கிளிக் வலப்புறம் திருப்பி, அதே புள்ளியைக் குறி பார்த்து மூன்று. மேல் குமிழை 40 கிளிக் மேலே திருப்பி மூன்று. 40 கிளிக் இடப்புறம் திருப்பி மூன்று. 40 கிளிக் கீழே திருப்பி மூன்று. எல்லா முறையும் குறி பார்ப்பது ஒரே புள்ளியைத்தான். தாளில் சுமார் 14.5 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தின் நாலு மூலைகளிலும் துளைகள் விழ வேண்டும். கடைசி மூன்றும் முதல் மூன்றோடு கலந்து விழ வேண்டும். செலவு 15 தோட்டா.

சதுரம் கோணலானால், ஸ்கோப் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். கடைசி மூன்றும் முதல் மூன்றைவிட்டு விலகினால் உள்ளேயுள்ள திருகும் வில்லும் நம்பத்தக்கவை அல்ல. சில ஸ்கோப்புகளில் குமிழைத் திருப்பியவுடன் மாற்றம் தெரியாது. இரண்டு மூன்று தோட்டா சுட்டபின்தான் கம்பி நகர்ந்து வந்து சேரும். குமிழை விரலால் தட்டினால் சரியாகிறது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதுவும் வில்லின் தளர்ச்சியே.

மூன்றாவது சோதனை காலத்தின் சோதனை. குறியைச் சரிசெய்தபின் துப்பாக்கியைத் தோட்டாவை எடுத்துவிட்டு உறையில் வைத்து, வழக்கம்போல் பண்ணை வண்டியில் மேடு பள்ளத்தில் ஒரு வாரம் கொண்டுசெல்ல வேண்டும். பிறகு வேறொன்றும் தொடாமல் அதே தாளில் மூன்று தோட்டா சுட வேண்டும். பழைய துளைகளோடு சேர்ந்து விழுந்தால், அந்த ஸ்கோப் பேர் தெரியாததாக இருந்தாலும் அதை நம்பிக் குட்டி போடும் காலத்தை எதிர்நோக்கலாம்.

விலகி விழுந்தால் உடனே ஸ்கோப்பின் மேல் பழி போடக் கூடாது. முதலில் நகப்பூச்சுக் கோட்டைப் பார்க்க வேண்டும். பிறகு திருகுகளைச் சோதிக்க வேண்டும். அவை சரியாக இருந்தால், குறி தவறாதது என்று தெரிந்த வேறொரு ஸ்கோப்பை அதே துப்பாக்கியில் பொருத்திச் சுட்டுப் பார்க்க வேண்டும். அதில் சரியாக விழுந்தால் குற்றம் புது ஸ்கோப்பினுடையது. அதிலும் சிதறினால் குற்றம் துப்பாக்கியினுடையது, அல்லது தோட்டாவினுடையது.

ஈரமும் பனியும்

நல்ல ஸ்கோப்பில் காற்றை வெளியேற்றி நைட்ரஜன் போன்ற ஈரமற்ற வாயுவை நிரப்பி அடைத்திருப்பார்கள். அடைப்பு சரியில்லாவிட்டால் குளிர்ந்த காலையில் உட்புறம் பனி படர்ந்து ஒன்றும் தெரியாது. இதைச் சோதிக்க, ஸ்கோப்பைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம் வைத்து வெளியே எடுக்க வேண்டும். பனிக்கட்டி அறையில் வைக்கக் கூடாது. வெளிப்புறம் பனி படரும். துணியால் துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகாவிட்டால் அது உட்புறப் பனி. நீர் புகாதது என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும், குமிழ் மூடிகளை இறுக்கி, கை பொறுக்கும் சூடுள்ள நீரில் சில நிமிடம் மூழ்க வைத்துப் பார்க்கலாம். ஓரிரண்டு குமிழிகள் வெளிப்புற இடுக்கிலிருந்து வரும். ஒரே இடத்திலிருந்து விடாமல் சரமாக வந்தால் அங்கே அடைப்பு இல்லை.

உத்தரவாதம்

'ஆயுட்கால உத்தரவாதம்' என்ற சொல் மலிவு ஸ்கோப்பின் பெட்டிகளிலும் காணப்படுகிறது. அது யாருடைய ஆயுட்காலம் என்று கேட்க வேண்டும். கம்பெனியே இல்லாமற் போனால் யாரிடம் போவது? உள்நாட்டில் இறக்குமதியாளரின் முகவரி இருக்கிறதா, பழுதானால் மாற்றித் தருவார்களா, பார்சல் செலவு யாருடையது, எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். மேலே சொன்ன சோதனைகளைத் திருப்பிக் கொடுக்கும் தவணைக்குள் முடித்துவிட வேண்டும். பெட்டியையும் ரசீதையும் தூக்கிப் போடக் கூடாது. நரி வரும் மாதத்தில் வாங்காமல், இரண்டு மாதம் முன்னதாகவே வாங்குவது இதனாலும் நல்லது.

மலிவு கூடாத இடங்கள்

எல்லா வேலைக்கும் மலிவு ஸ்கோப் ஒத்துவராது. காட்டுப்பன்றிக்கும் காட்டெருமைக்கும் பயன்படும், பலமாகப் பின்னுதைக்கும் ரைபிள்களுக்கு நிரூபிக்கப்பட்ட ஸ்கோப்பே தேவை. ஒவ்வொரு முறையும் தூரத்துக்கேற்பக் குமிழைத் திருப்பி 300 மீட்டருக்கு அப்பால் சுடுவோருக்கும் அவ்வாறே. வாணிபத்துக்காகக் கங்காரு சுடும் உரிமம் பெற்றவர்கள் தலையில் மட்டுமே சுட வேண்டும் என்பது அங்குள்ள விதி. அவர்களுக்கு ஸ்கோப்பில் மிச்சம் பிடிப்பது நட்டம். ஆனால் 50 முதல் 150 மீட்டருக்குள் முயலும் நரியும் சுடும் பண்ணையாளருக்குச் சோதித்துத் தேர்ந்த மலிவு ஸ்கோப் போதும்.

ஸ்கோப்பின் வழியே வேடிக்கை பார்க்கும் பழக்கம் கூடவே கூடாது. ஸ்கோப் திரும்பும் பக்கமெல்லாம் துப்பாக்கியின் வாயும் திரும்புகிறது. புதருக்குப் பின்னால் அசைவது நரியா, நாயா, பக்கத்துப் பண்ணை ஆளா என்று தெரிந்துகொள்ளப் பைனாகுலர் வேண்டும். அது உறுதியான பிறகே துப்பாக்கியைத் தூக்க வேண்டும்.

நம் ஊரில் பயன்படும் பகுதி

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பொருந்தும். காட்டுப்பன்றி, மயில் போன்றவை பயிரை அழித்தாலும் விவசாயி தாமாகச் சுடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். எனவே ஸ்கோப் இங்குள்ள விவசாயிக்குத் தேவைப்படும் பொருளன்று. ஆனால் மக்காச்சோளத்துக்கும் நிலக்கடலைக்கும் பரண் கட்டிக் காவல் இருப்போர் பைனாகுலர் வாங்குவது உண்டு. அதிலும் பேர் தெரியாத கம்பெனிகள் ஏராளம். 7×50, 8×40 என்ற எண்களின் பொருள் ஸ்கோப்பில் உள்ளதே. முன் லென்சை மடங்கால் வகுத்தால் முறையே 7 மி.மீ., 5 மி.மீ. ஒளி வட்டம். அந்திக் காவலுக்கு இவை ஏற்றவை. 'முப்பது மடங்கு' என்று விற்கப்படும் சிறிய பைனாகுலர் இருட்டில் பயன்படாது. கையில் பிடித்தால் காட்சியும் நிற்காமல் ஆடும். குழல் விளக்குச் சோதனையும், குளிர்சாதனப் பெட்டிச் சோதனையும் இதற்கும் பொருந்தும். கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். தூரத்திலுள்ள மின்கம்பத்தை இரு கண்ணாலும் ஐந்து நிமிடம் பார்த்தபின் கண் வலித்தாலோ, கம்பம் இரண்டாகத் தெரிந்தாலோ, இரு குழல்களும் ஒரே நேராக இல்லை என்று அறிந்து, அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.